சூரியச் சுடர்வெடிப்பு ஒற்றை வெடியன்று, சரவெடி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூரியனில் மிக வலிமை வாய்ந்ததான எக்ஸ் வகைச் சுடர்வெடிப்பு நிகழும்போதெல்லாம் ‘சூரியனில் பயங்கர வெடிப்பு’ என்ற தலைப்பும், விண்கலம் எடுத்த பொன்னிறப் படமும், வெடிப்பின் வகையைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் தங்கள் நாளிதழ் உட்பட எல்லா நாளிதழ்களிலும் தவறாமல் இடம்பெறுகின்றன. அச்செய்திகளில் பிழை உண்டு என்று நான் கூறவில்லை. ஆனால் படித்து முடிக்கும் வாசகர், பெரிய குண்டு ஒன்று ஒரே முறை வெடித்து அடங்கியதாகவே எண்ணிக்கொள்கிறார். தீபாவளிப் பட்டாசில் இதற்கு ஒப்புமை தேடினால், அணுகுண்டு என்று நாம் சொல்லும் ஒற்றை வெடியைவிடச் சரவெடியே பொருந்தி வரும். சுடர்வெடிப்பின் ஆற்றல் பல துடிப்புகளாக, பல வேளைகளில் ஏறத்தாழச் சீரான இடைவெளியில், அடுத்தடுத்து வெளிப்படுகிறது.

இது புதிய செய்தியும் அன்று. பலூனில் ஏற்றி அனுப்பிய கருவி பதிவு செய்த எக்ஸ் கதிர்களில், 16 விநாடிக்கு ஒருமுறை ஏற்ற இறக்கம் இருந்ததையும், அதே தாளம் நுண்ணலைப் பதிவிலும் ஒத்திருந்ததையும் பார்க்ஸ், விங்க்லர் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் 1969இல் வெளியிட்டனர். 1980 ஜூன் 7 அன்று நிகழ்ந்த சுடர்வெடிப்பில், சுமார் 8 விநாடி இடைவெளியில் ஏழு துடிப்புகள் வரிசையாக எழுந்தன; ‘சோலார் மேக்ஸிமம் மிஷன்’ விண்கலம் அவற்றைப் பதிவு செய்தது. ஒரு விநாடிக்கும் குறைவான இடைவெளி முதல் பல நிமிட இடைவெளி வரை இத்தகைய துடிப்புகள் இன்று காணப்பட்டுள்ளன.

அப்படியிருந்தும் இவை செய்தியில் இடம்பெறாமைக்குக் காரணம், நாம் பெரிதுபடுத்தும் அந்த எழுத்தும் எண்ணும்தான். ஏ, பி, சி, எம், எக்ஸ் என்ற வரிசை, பூமியைச் சுற்றும் செயற்கைக்கோள்கள் அளக்கும் மென் (ஆற்றல் குறைந்த) எக்ஸ் கதிர்களின் உச்ச அளவை மட்டும் குறிக்கிறது. சுடர்வெடிப்பில் முடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள் சூரிய வளிமண்டலத்தின் கீழடுக்கில் வந்து மோதும்போது எழுபவை கடின (ஆற்றல் மிகுந்த) எக்ஸ் கதிர்கள்; அம்மோதலால் சூடேறிய பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் கொண்ட வாயு, மேலெழுந்து காந்தப்புல வளையங்களை நிரப்பும்போது பெருகுபவை மென் எக்ஸ் கதிர்கள். அண்டாவில் செம்பு செம்பாக நீர் ஊற்றுவதை எண்ணிப் பாருங்கள். கடின எக்ஸ் கதிர்கள் காட்டுவது ஒவ்வொரு செம்பாக ஊற்றும் வேகத்தை. மென் எக்ஸ் கதிர்கள் காட்டுவது அண்டாவின் நீர்மட்டத்தை. 1968இல் நியூபர்ட் என்ற ஆய்வாளர் சுட்டிக்காட்டிய இத்தொடர்பு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. நீர்மட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கு எத்தனை செம்பு ஊற்றினார்கள் என்பது எளிதில் தெரியாது. போதாக்குறைக்கு, பொதுவாக வெளியிடப்படும் வரைபடம் ஒரு நிமிடச் சராசரிகளால் ஆனது. 8 விநாடித் துடிப்பு அதில் அடையாளம் இல்லாமல் கரைந்துவிடும்.

துடிப்புகளுக்கு இவ்வளவு முக்கியத்துவம் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். பெரிய சுடர்வெடிப்பு ஒன்றில் வெளிப்படும் ஆற்றல், ஒன்றுக்குப் பின் 25 சுழியங்கள் இட்ட அளவு ஜூல் வரை செல்லும். அது சூரியப் புள்ளிகளுக்கு மேலே முறுக்கேறிக் கிடக்கும் காந்தப்புலத்தில் தேங்கியிருந்த ஆற்றல். எதிரெதிர்த் திசையில் ஓடும் புலக்கோடுகள் நெருங்கி, அறுந்து, வேறு விதமாக இணையும்போது அது விடுபடுகிறது. இந்த மறுஇணைப்பு, நீண்டு மெலிந்த ஒரே மின்னோட்டத் தகட்டில் அமைதியாக நடப்பதாகக் கொண்டு கணக்கிட்டால், சில நிமிடங்களில் முடிய வேண்டிய வெடிப்பு மாதக்கணக்கில் நீளும். அந்தத் தகடு, காந்தத் தீவுகள் எனப்படும் காந்தப்புலச் சுருள்களாகத் துண்டு துண்டாக உடைந்தால்தான் வேகம் கூடும். உடைந்தால் ஆற்றலும் விட்டுவிட்டே வெளிவரும்; நாம் காணும் துடிப்புகள் அந்த உடைவின் தடயமாக இருக்கலாம். மூடியும் மூடாத குழாயில், நீர் வரத்து சீராக இருந்தும், வாயில் திரண்டு திரண்டு சொட்டு விழுவதைப் போன்றது இது.

இன்னொரு விளக்கமும் உண்டு. வெடிப்பின் அதிர்ச்சியில் காந்தப்புல வளையங்கள் அடிபட்ட கோயில் மணி போல அதிர்கின்றன என்றும், அந்த அதிர்வே கதிர்வீச்சை ஏற்றி இறக்குகிறது என்றும் கூறுவோர் உள்ளனர். மணியா, குழாயா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. வெடிப்புக்கு வெடிப்பு விடை மாறலாம் என்பதே என் எண்ணம். எலக்ட்ரான்களே தவணை தவணையாக முடுக்கப்படுவதைப் போலத் தோன்றும் பதிவுகளில் நான் குழாயின் பக்கம் சாய்கிறேன். மணி என்றால், அதன் அதிர்வுக் காலத்தைக் கொண்டு, எந்தக் கருவியும் சென்று அளக்க முடியாத அந்த வளையத்தின் காந்தப்புல வலிமையைக் கணக்கிட்டுவிடலாம். அதுவும் சிறிய இலாபமன்று.

ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்று மேடுகளைக் கண்டவுடன் தாளம் என்று அறிவித்துவிட முடியாது. ஒழுங்கற்ற ஏற்ற இறக்கங்களும் சில வேளைகளில் தாளம் போலக் கண்ணை ஏமாற்றும். வகுப்பில் ஊசல் சோதனை செய்த மாணவர்களிடம் ‘இருபது அலைவையாவது எண்ணு’ என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் சொல்லி வந்தவன் நான். சூரியன் பெரும்பாலும் அத்தனை அலைவுகளைத் தருவதில்லை.

2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு, இப்போது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் சூரியனை நோக்கியிருக்கும் நம் ஆதித்யா எல்-1 விண்கலத்தில், மென் எக்ஸ் கதிர்களுக்கு சோலெக்ஸ், கடின எக்ஸ் கதிர்களுக்கு ஹெலியோஸ் என இரண்டு கருவிகளும் உள்ளன. அண்டாவையும் செம்பையும் நம் கலமே ஒருசேரப் பார்க்கிறது. அதன் பதிவுகளை இஸ்ரோ பொதுமக்களுக்கும் திறந்து வைத்துள்ளது. எனவே அடுத்த முறை இத்தகைய செய்தியை வெளியிடும்போது, பொன்னிறப் படத்தைச் சற்றே சிறிதாக்கி, அதன் அருகில் ஹெலியோஸ் கருவியின் நேர வரைபடத்தை, விநாடிகள் தெரியும் அளவில், இரண்டு பத்தி அகலத்துக்கேனும் அச்சிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திண்டுக்கல்.