தெருப்பக்கம் ஒரு வாசல்

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய மாணவர் குடியிருப்பு வரைபடம் வந்தது. கூடவே ஒரு வரிகூட எழுதவில்லை. வேலை அதிகமாக இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

ஆறு மாடி, நூற்றிருபது அறை, அத்தனையும் என் மகள் போட்டது என்று அத்தையிடம் காட்டினேன். அவள் போனபிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். தரைத்தளம் முழுக்க வண்டி நிறுத்துமிடம். தெருவை ஒட்டி நீள மதில், ஒரு கேட், ஒரு கேமரா. வாசல் எங்கே கண்ணு?

நம் எதிரே இருக்கும் மாணவர் குடியிருப்பும் இப்படித்தான். முன்பு அங்கே நாலு வீடு, நாலு வாசல். நீ பள்ளி விட்டு வரும்போது ஏதாவது ஒரு வாசலிலிருந்து உன் பெயரைக் கூப்பிடும் சத்தம் கேட்கும், நான் எழுந்து கதவைத் திறப்பேன். இப்போது அங்கே எத்தனையோ பிள்ளைகள், தெருவில்தான் ஆள் இல்லை. பிள்ளைகள் மேல் குறையில்லை. ஓராண்டில் கிளம்பப் போகிறவர்கள் யாரோடு பழகுவார்கள்? விடுமுறை விட்டால் ஆறு மாடியும் இருட்டு. கட்டில் கணக்கில் வாடகை வாங்கிப் பழகியவர்கள் குடும்பத்துக்கு வீடு தருவதில்லை. சின்னப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள்.

இங்கிலாந்தில் 2010-ல் உறவில்லாத 3 முதல் 6 பேர் சேர்ந்து இருக்கும் வீட்டை நகரமைப்பு விதியில் தனி வகையாக்கினார்கள், குடும்ப வீட்டை அப்படி மாற்ற அனுமதி வாங்க வேண்டும் என்று உள்ளாட்சி தேவையான பகுதிகளில் சொல்லலாம் என்று படிக்கும்போது நீதானே சொன்னாய்? எவ்வளவு ஆவேசமாகச் சொன்னாய்! கீழே நாலு சன்னலாவது தெருவைப் பார்த்து வை, கண்ணு. சாப்பாட்டை மட்டும் தள்ளிப்போடாதே.

எதிர்மனையை யாரோ விற்றுவிட்டார்கள் என்று உன்னிடம் சொன்னேன். முதலில் விற்றது நான். அம்மாவின் பங்கு அது. உன் படிப்புக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், படிப்புக்கு வேறு பணம் இருந்தது. கேட்டதற்கு மேல் கொடுத்தார்கள், ஆசைப்பட்டுவிட்டேன். நான் கையெழுத்துப் போட்டபின் மற்ற மூன்று பேராலும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. மூலைவீட்டுப் பாட்டி காலி செய்த அன்று நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தேன்.

இது தெரிந்துதான் பேசாமல் இருக்கிறாயா?

நீ இருக்கும் கட்டடத்தில் பக்கத்து அறைக்காரர் பெயர் உனக்குத் தெரியுமா? இரண்டு நாள் உன் கதவு திறக்காவிட்டால் யார் வந்து தட்டுவார்கள்? அதை மட்டும் எழுது. இல்லை, ஞாயிற்றுக்கிழமை போன் செய். எந்த நேரமானாலும் எடுப்பேன்.

அப்பா