அன்னமும் வீதியுலா வரட்டும்: எங்கள் ஊர் ஆலய பரிபாலன சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், சபை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மகோற்சவ முன்னேற்பாட்டுக் கூட்டம் அடுத்த வாரம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தீர்கள். கூட்டத்தில் எழுந்து பேசினால் பாதியிலேயே எனக்குத் தொண்டை அடைத்துவிடும். அதனால் எழுதித் தருகிறேன். ஊரிலும் வெளிநாடுகளிலும் இருந்து ஒவ்வொரு நாள் திருவிழாச் செலவையும் ஏற்கும் மற்ற உபயகாரர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

சென்ற ஆண்டுச் சப்பறத் திருவிழா அன்று, மேற்கு வீதியில் தனியாக இருக்கும் ஆச்சி ஒருவருக்கு மாலையில் திருநீறு கொண்டுபோனேன். அவருடைய மகன்களில் ஒருவன் போரோடு காணாமற்போனவன். மற்றவன் கடல் கடந்து இருக்கிறான். திருநீற்றை வாங்கிப் பூசிக்கொண்டு, “மடத்தில் இன்றைக்கு என்ன கறி?” என்று கேட்டார். அடியார்கள் அனைவரும் அன்னதான மடத்துக்கு வந்து அமுதுண்ணுமாறு நாம் மூன்று முறை அறிவித்ததை அவர் கேட்டிருக்கிறார். முழங்கால் வலியால் படலைக்கு அப்பால் அவரால் வர முடியாது. அன்று மதியம் வெறுந்தேநீரில் பிஸ்கட்டைத் தோய்த்துச் சாப்பிட்டிருந்தார். அதே மதியம் மடத்தில் மிஞ்சிய சோற்றை நாம் பின்வளவில் கிடங்கு வெட்டிப் புதைத்தோம். மண்வெட்டி பிடித்தவர்களில் நானும் ஒருவன்.

அன்றிரவு சப்பறம் மேற்கு வீதிக்கு வந்தது. ஆச்சியின் படலைக்கு நேரே, நிறைகுடம் வைத்திருந்த இடத்தில் சுவாமி நின்றார். படலையைப் பிடித்தபடி அவர் கும்பிட்டதைப் பார்த்தேன். கோயிலுக்கு வர முடியாத முதியவருக்கும் நோயாளிக்கும் தரிசனம் கொடுக்கவே சுவாமி வீதிக்கு எழுந்தருளுகிறார் என்று சிறுவயதில் நமக்குச் சொல்லித் தந்தார்கள். சுவாமியே வாசல் தேடி வந்திருக்கிறார். நாம் சமைத்த சோறு மட்டும் மடத்தை விட்டு வெளியே வரவில்லை. அந்த இரவிலிருந்து என்னால் இதை மறக்க முடியவில்லை.

“படமாடக் கோயில் பகவற்கொன் றீயில் நடமாடக் கோயில் நம்பர்க்கங் காகா” என்றார் திருமூலர். கோயிலில் இருக்கும் இறைவனுக்குக் கொடுப்பது நடமாடும் கோயில்களாகிய அடியாரைச் சேராது. அடியாருக்குக் கொடுப்பது இறைவனைச் சேரும் என்று அந்தப் பாடல் முடிகிறது. நம் மடத்துச் சுவரில் இதைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம். நடமாடும் கோயில் நடமாட முடியாமல் வீட்டுக்குள் முடங்கினால் நம் கடமை என்ன? அதைத்தான் சபையிடம் கேட்கிறேன்.

நான் பூசையைக் குறைக்கச் சொல்லவில்லை. கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை ஆகமப்படி செய்ய வேண்டிய எதிலும் கை வைக்க வேண்டாம். அவற்றில் எனக்கு உங்களைப் போலவே நம்பிக்கை உண்டு. நான் சொல்வது, நம் காலத்தில் நாமே சேர்த்துக்கொண்டவற்றை. ஒரு கூட்டம் மேளம் போதும் என்றிருந்த இடத்தில் ஐந்து கூட்டம். வீதி முழுவதும் மின்னலங்கார வளைவுகள். நள்ளிரவில் வாணவேடிக்கை. ஐந்தாம் திருவிழாக்காரர் செய்ததைவிட ஆறாம் திருவிழாக்காரர் கூடுதலாகச் செய்ய வேண்டும் என்ற போட்டி. இந்தப் போட்டியில் என் குடும்பமும் இருந்தது. என் மகன் வேலை கிடைத்த ஆண்டில் அனுப்பிய முதற்பணத்தில் மேலதிகமாக இரண்டு கூட்டம் மேளம் பிடித்தேன். அந்த ஆண்டு என்னிடம் படித்த ஒரு பிள்ளை உயர்தரப் பரீட்சைக்கு முன்பே படிப்பை நிறுத்திவிட்டாள். அவளுக்குப் பஸ் காசு இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கேட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

ஆகமத்தையும் சைவ ஆசாரத்தையும் ஆறுமுக நாவலரைவிடக் கண்டிப்பாக வலியுறுத்தியவர் யாழ்ப்பாணத்தில் யார்? அவர்தான் 1870களில் பஞ்சம் வந்தபோது பணம் திரட்டிக் கஞ்சித்தொட்டி வைத்தார். தெல்லிப்பழை துர்க்காதேவி தேவஸ்தானத்தை நம் கண்முன்னே வளர்த்தவர் சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி. அங்கே இராஜகோபுரமும் எழுந்தது, தேரும் ஓடியது. கூடவே ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்குத் துர்க்காபுரம் மகளிர் இல்லமும் எழுந்தது. 2008இல் அவர் மறைந்தபோது அந்தப் பிள்ளைகள் தாயை இழந்தவர்களாக அழுதார்கள். அவரும் நம்மைப் போலச் சைவர்தான், நம்மைப் போல ஒரு கோயிலை நடத்தியவர்தான்.

திருவீழிமிழலைக் கதை நம் ஓதுவாருக்கு நன்றாகத் தெரியும். பஞ்ச காலத்தில் சம்பந்தருக்கும் அப்பருக்கும் இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு கொடுத்தார். அந்தக் காசில் இருவர் மடத்திலும் அடியாருக்குச் சோறு போட்டார்கள். சம்பந்தருக்குக் கிடைத்த காசை வாசி, அதாவது வட்டம் என்ற கழிவு கொடுத்து மாற்ற வேண்டியிருந்ததால் அவருடைய மடத்தில் சாப்பாடு தாமதமானது. அதற்காகத்தான் “வாசி தீரவே காசு நல்குவீர்” என்று பாடினார். பசித்தவருக்குச் சோறு பிந்துகிறதே என்று இறைவனிடமே முறையிட்ட பதிகம் அது. பண்ணோடு பாடிவிட்டு, எந்த வீட்டுக்குச் சோறு போய்ச் சேரவில்லை என்று பார்க்காமல் நாம் கலைந்து போகிறோம்.

ஆடம்பரத்தைக் குறைத்து அந்தப் பணத்தில் இல்லாதவர்களுக்கு உதவ உபயகாரர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்று செயலாளர் என்னிடம் ஒருமுறை சொன்னார். வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் திருவிழா சிறப்பாக நடப்பதைக் காணொளியில் பார்க்க விரும்புகிறார்கள் என்றார். இருக்கலாம். ஆனால் அவர்களிடம் யாரும் வேறு ஒன்றைக் கேட்டுப் பார்க்கவே இல்லை. நாம் அனுப்பும் உபயப் பட்டியலில் மேளம், பூமாலை, மின்விளக்கு, வாணம் என்றுதான் இருக்கிறது. அதிலேயே ஒரு மாணவரின் ஓராண்டுப் பஸ் காசு, ஒரு முதியவரின் ஒரு மாத மதியச் சாப்பாடு என்று இரண்டு வரிகளைச் சேருங்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்காக வன்னியிலிருந்து தெல்லிப்பழை வைத்தியசாலைக்கு வருபவர்களோடு துணைக்கு வருகிறவர்கள் இரவில் எங்கே தங்குகிறார்கள் என்று ஒருநாள் போய்ப் பாருங்கள். திருவிழா முடிந்தபின் நம் மடம் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கிறது.

இன்னொன்றையும் எழுதாமல் விட மனம் வரவில்லை. சுவாமி இதுவரை போகாத ஒழுங்கைகளும் நம் ஊரில் இருக்கின்றன. ஏன் போகவில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சோறு கொண்டுபோகிறவர்கள் தேரோடும் வீதியோடு திரும்பிவிடாமல் அந்த ஒழுங்கைகளுக்குள்ளும் போக வேண்டும். அங்கே இருப்பவர்கள் நம் மடத்துக்கு வந்து உண்ணத் தயங்குவதற்கு நாம்தான் காரணம்.

ஏழாம் திருவிழா எங்கள் குடும்பத்தின் உபயம். இந்த ஆண்டு அதற்கு ஒரு கூட்டம் மேளம் மட்டும் பேசியிருக்கிறேன். வளைவும் வாணமும் வேண்டாம் என்று மகனும் சொல்லிவிட்டான். அந்தப் பணத்தில் மூடியுள்ள சாப்பாட்டு அடுக்குகள் நாற்பது வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்களின் பெயர்களைக் கிராம சேவையாளரோடு சேர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை இருபத்தாறு வீடுகள். சைக்கிளில் கொண்டுபோகப் பழைய மாணவர்கள் நான்கு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சபையிடம் நான் கேட்பது இதுதான்: அன்று மதியம் மடத்தில் பந்தி தொடங்குவதற்கு முன் இந்த அடுக்குகளை முதலில் நிரப்பித் தர வேண்டும். மேற்கு வீதி ஆச்சி வீட்டுக்கு நானே கொண்டுபோகிறேன்.

இப்படிக்கு,
ஏழாம் திருவிழா உபயகாரர்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்