பழைய பீங்கான் சிலைகளை ஏலம் விடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

குவான்யின், புதாய், அமிதாயுஸ் என்று பௌத்த உருவங்களின் பழைய சீனப் பீங்கான் சிலைகளை ஏலத்துக்கு வைக்கிறீர்கள். எங்கே உடைந்தது, எங்கே ஒட்டுப் போட்டது, எங்கே புது வண்ணம் பூசியது என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். இதுதான் என் கோரிக்கை.

சீனப் பேரரசர் காங்ஷி காலத்தில் (1662–1722), பீங்கானுக்குப் பேர்போன ஜிங்தேஜென் நகரத்தில் செய்த சிலைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். துண்டு துண்டாகச் செய்து ஒட்டிய சிலையை மெருகு எதுவும் பூசாமல் கடும் சூட்டில் ஒருமுறை சுட்டு, அதன் மேல் பச்சை, மஞ்சள், கத்தரிப்பூ நிறம் தீட்டி, குறைந்த சூட்டில் மறுபடி சுடுவார்கள். ஈயம் கலந்த அந்த வண்ணம் உருகி உடை மடிப்புகளில் கொஞ்சம் தேங்கி நிற்கும், பார்க்கவே அவ்வளவு அழகு. முகத்தையும் கைகளையும் பல சிலைகளில் வண்ணம் இல்லாமல் அப்படியே விட்டிருப்பார்கள்.

முதலில் உடைவது விரல்கள்தான். முந்நூறு வருடம் தாண்டிய சிலையில் விரல் போயிருந்தால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் பிசினில் புது விரல் செய்து, மேலே வண்ணம் தீட்டி, 'நல்ல நிலையில் உள்ளது' என்று நீங்கள் எழுதும்போது வயிறு எரிகிறது. பௌத்த உருவங்களை அடையாளம் காண்பதே கைகளையும் அவை ஏந்தியிருக்கும் பொருளையும் வைத்துத்தானே? அமிதாயுஸ் மடியில் சேர்த்து வைத்த கைகளில் அமுத கலசம் ஏந்தியிருப்பார். கலசம் உடைந்துபோன சிலைக்குப் பழுது பார்ப்பவர் வெறும் கைகளை மட்டும் செய்து வைத்தால், வாங்குகிறவர் அதை அமிதாபர் என்ற இன்னொரு புத்த வடிவம் என்றுதான் நினைப்பார்.

புற ஊதா விளக்கில் காட்டினால் பின்னால் பூசிய வண்ணம் பெரும்பாலும் தனியாகத் தெரியும். அந்தப் படத்தையும் சேர்த்துப் போடுங்கள். அப்புறம், அடிப்பாகத்தின் படம் கட்டாயம் வேண்டும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் அகஸ்டஸ் மன்னரின் பீங்கான் சேகரிப்புக்கு 1721-இல் பட்டியல் எழுதத் தொடங்கியபோது பொருள்களின் அடியில்தான் எண் பொறித்தார்கள், அப்படி ஒரு எண் இருந்தால் சிலையின் வரலாறே மாறிவிடும். அடியில் காங்ஷி பெயர் எழுதிய முத்திரை இருப்பதாலேயே காங்ஷி காலம் என்று எழுதிவிடவும் வேண்டாம், அதே முத்திரையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் தாராளமாகப் போட்டார்கள்.

உடைசல், ஒட்டு எல்லாம் சொல்லும் நிலை அறிக்கையைக் கேட்டால்தான் அனுப்புவோம் என்ற வழக்கத்தையும் விடுங்கள். விலை போட்டிருக்கும் அதே பக்கத்தில் அதுவும் இருக்கட்டும்.