ஞாயிறு பை தைக்கிறோம், வாருங்கள்
எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு காலை 10 மணிக்கு மொட்டை மாடியில் துணிப்பை தைக்கிறோம், வீட்டில் சும்மா கிடக்கும் பருத்திச் சேலை, வேட்டி இருந்தால் எடுத்து வாருங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்துவிட்டது, ஆனாலும் மஞ்சப்பை தூக்கினால் பட்டிக்காடு என்று பல வருடம் கேலி செய்து பழகியதால் கூச்சம் இன்னும் போகவில்லை. பார்க்க அழகாக இருந்தால் பிள்ளைகளே ஆசையாக எடுத்துப் போவார்கள், அதனால் வரையத் தெரிந்தவர்கள் கட்டாயம் வேண்டும். அப்புறம் கைப்பிடி அகலமாக இருக்கட்டும், 5 கிலோ அரிசி தூக்கினாலும் விரலை அறுக்கக் கூடாது, மடித்தால் சட்டைப்பையில் அடங்கணும். தையல் மெஷின் தரக்கூடியவர்கள் இன்றே சொல்லுங்கள்.