இரவுத் தங்கல் இல்லாத போட்டிகளை நடத்தலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளி மாணவர்களுக்கான விளையாட்டுப் போட்டிகளை இந்த 2021-ஆம் ஆண்டின் கொரோனா காலத்தில் மீண்டும் தொடங்கலாமா என்ற விவாதத்தில், எல்லாப் போட்டிகளையும் ஒன்றாகவே கருதி 'நடத்து' என்றோ 'நிறுத்து' என்றோ பேசுவது சரியாகப் படவில்லை. பல ஆண்டுகள் பிள்ளைகளைப் போட்டிகளுக்கு அழைத்துச் சென்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: திறந்த மைதானத்தில் தனித்தனித் தடத்தில் ஓடும் 400 மீட்டர் ஓட்டத்தைவிட, அதற்காக ஒரே வேனில் நெருக்கியடித்துப் போவதும், வெளியூர்ப் பள்ளியின் வகுப்பறையில் சன்னலைச் சாத்திவிட்டு வரிசையாகப் படுத்து உறங்குவதும்தான் அச்சத்துக்குரியவை.

ஆகவே, மழை ஓய்ந்ததும், அருகருகே உள்ள பள்ளிகள் மட்டும் மோதும் குறுவட்ட அளவிலான தடகளப் போட்டிகளை மட்டும் முதலில் நடத்தலாம். காலையில் சென்று மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். ஒரு நாளைக்கு ஒரு வயதுப் பிரிவு என்று பிரித்தால் கூட்டமும் சேராது. வருவாய் மாவட்ட, மாநிலப் போட்டிகள் காத்திருக்கட்டும். கபடியும் காத்திருக்க வேண்டும் என்று எழுத எனக்கே மனம் வரவில்லை. ஆனால் விடாமல் பாடிக்கொண்டு எதிரணிக்குள் புகுபவரை ஏழு பேர் சேர்ந்து மடக்கும் ஆட்டத்தில் எந்த இடைவெளியைக் கடைப்பிடிப்பது? கடும் கட்டுப்பாடுகளுடன் நடந்த ஐ.பி.எல். போட்டிகளே, வீரர்களுக்குத் தொற்று கண்டதால் 2021 மே 4-ஆம் தேதி நிறுத்தப்பட்டதைப் பார்த்தோம். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்த 2021-இல் இன்னும் தடுப்பூசி தொடங்காத நிலையில், அரசுப் பள்ளிகள் அந்தத் துணிச்சலில் இறங்க முடியாது.

அதற்காக மைதானத்தையே பூட்டி வைப்பதும் நியாயமன்று. 2021 செப்டம்பர் 1 முதல் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையும், நவம்பர் 1 முதல் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையும் பாடங்கள் நான்கு சுவர்களுக்குள் நடக்கின்றன. காற்றோட்டமான மைதானத்துக்கு மட்டும் தடை என்றால் அதில் என்ன கணக்கு? டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் ஒரே அணியாக ஓடும் 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடிய எங்கள் சக்கிமங்கலம் ரேவதி, பள்ளிப் பருவத்தில் வெறுங்காலுடன் ஓடியபோதுதான் பயிற்சியாளர் கண்ணனின் கண்ணில் பட்டார். ஓடிக் காட்ட ஓர் இடமே இல்லாமல் போயிருந்தால் அவரை யார் கண்டிருப்பார்கள்?

இன்னொன்றையும் பள்ளிக் கல்வித் துறை கவனிக்க வேண்டும். பள்ளி விளையாட்டு 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிக்கப்பட்டிருப்பதால், தொற்றுக்கு முன் பத்தாம் வகுப்பில் 17 வயதுப் பிரிவில் ஓடிய மாணவி, அதன்பின் ஒரு போட்டியையும் காணாமலே இன்று பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேரக் காட்டுவதற்கு அவளிடம் புதிய சான்றிதழ் எதுவும் இல்லை. எனவே வயது வரம்பில் இரண்டு ஆண்டுகள் தளர்வு அளிப்பதுடன், பழைய சான்றிதழ்களையும் இவ்வாண்டு சேர்க்கைக்கு ஏற்க வேண்டும். வீட்டில் நோயுற்ற பெரியவர்கள் இருப்பதால் பிள்ளையை அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கும் அப்போதுதான் 'வேண்டாம்' என்று சொல்ல மனம் துணியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
மதுரை.