பிழை தொடங்குவது பெயர்ப் பெட்டியில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவடிப் பதிவு, அன்னதானக் கணக்கு ஆகியவற்றுக்கு நம் கோயில்களும் சங்கங்களும் சொந்தமாக வலைச் செயலி செய்துகொள்ளலாம் என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். தாராளமாகச் செய்யலாம். செயலி கட்ட உதவும் நிரல் தொகுப்புகளில் ரியாக்டா வியூவா என்பதில்தான் இளைஞர்கள் வாதாடுகிறார்கள். செயலி இடறி விழுவதோ பெயர் எழுதும் பெட்டியில். ரூபாய் நோட்டிலேயே தமிழ் எழுத்து உள்ள நம் மொரீசியஸில் பக்தரின் பெயர் அரைகுறையாகப் பதிவாவது அழகல்ல.

'மீனாட்சிசுந்தரம்' நம் கண்ணுக்கு ஒன்பது எழுத்து. உலாவியில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டைக் கேட்டால் 16 என்று சொல்லும். சுழி, கால், விசிறி, புள்ளி எல்லாம் அதற்குத் தனித்தனிக் குறிகள். 15 குறியோடு வெட்டிவிட்டால் கடைசிப் புள்ளி விழுந்து 'மீனாட்சிசுந்தரம' என்று நிற்கும். பெயரின் முதல் எழுத்தை வட்டத்துக்குள் காட்டும் காம்போனென்ட்டிலும் (திரையின் ஒரு பகுதியை வரையும் நிரல் துண்டு) இதே கோளாறுதான்: 'மீ' வர வேண்டிய இடத்தில் வெறும் 'ம'. எழுத்தை எண்ணவும் வெட்டவும் ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே 'இன்டல் செக்மென்டர்' என்ற கருவி இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் 2024இல் வந்த 125ஆம் பதிப்பு முதல் வேலை செய்கிறது. அதுவும் 'ஸ்ரீ'யை ஸ், ரீ என்று இரண்டாகவே பிரிக்கும். ஸ்ரீதரன்களுக்குத் தனியாக ஒரு வரி எழுதத்தான் வேண்டும். தரவுத்தளத்தில் இடத்தை பைட் கணக்கில் ஒதுக்குவோர் ஒரு குறிக்கு 3 பைட் என்று வையுங்கள், மீனாட்சிசுந்தரத்துக்கு 48.

அடுத்தது தேடல். 'கொ' என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. தேடினால் மட்டும் ஆள் கிடைக்கமாட்டார். உள்ளே வரும் எல்லா எழுத்தையும் என்எஃப்சி வடிவத்துக்கு (ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீடுகளை ஒன்றாக்கும் யூனிகோட் முறை) மாற்றினால் இது தீரும். பிரெஞ்சுப் பெயர்களில் வரும் உச்சரிப்புக் குறிகளுக்கும் அதே மருந்துதான். ஆனால் 'கௌரி'யை 'கெளரி' என்று, கொம்புக்குப் பின் ளகரம் போட்டு அடிப்பவர்கள் நிறையப் பேர். இதை என்எஃப்சி திருத்தாது. கொம்பையும் ளகரத்தையும் கண்ட இடமெல்லாம் ஔகாரமாக மாற்றினால் 'வெள்ளி' பாழாகிவிடும். ஆகவே பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத ளகரத்தை மட்டும் தொடுங்கள். அதையும் தேடலுக்கென்று தரவுத்தளத்தில் வைத்த தனி நெடுவரிசையில் செய்யுங்கள். பக்தர் எழுதிக் கொடுத்த பெயரின் எழுத்தை நாம் திருத்துவது மரியாதையல்ல.

இந்த மாற்றத்தை ஒவ்வொரு விசை அழுத்தத்துக்கும் செய்யாதீர்கள். கர்சர் வரியின் கடைசிக்குத் தாவும், சொல் குழம்பும். பெட்டியை விட்டு வெளியேறும்போது ஒருமுறை, சர்வரில் ஒருமுறை செய்தால் போதும். ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் சொல்லை முடிக்க என்டர் தட்டுவார்கள்; உடனே படிவம் பறந்துவிடும். சொல் இன்னும் முடியவில்லை என்று உலாவி காட்டும் 'ஈஸ் கம்போசிங்' உண்மையாக இருக்கும்வரை என்டரைப் பொருட்படுத்தாதீர்கள். இத்தனையும் ஒரே காம்போனென்ட்டில் இருக்கட்டும். ஆறு படிவத்தில் ஆறு விதமாக எழுதினால் ஐந்தில் திருத்திவிட்டு ஆறாவதை மறப்போம்.

பொத்தானுக்கு நிலையான உயரம் வேண்டாம். குறைந்தபட்ச உயரமும் உள்விளிம்பும் கொடுங்கள், வரி உயரம் 1.6க்குக் குறைய வேண்டாம். 'சமர்ப்பிக்கவும்' என்ற சொல் ஆங்கிலப் பொத்தானுக்குள் அடங்காது. அதைவிட 'அனுப்பு' நல்ல தமிழ்.

தொடக்க அமைப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரியாக்ட் செயலியின் அடித்தளத்தை அமைத்துத் தந்த 'கிரியேட் ரியாக்ட் ஆப்' 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது, புதிதாகத் தொடங்குவோர் அதே வேலைக்கு 'வீட்' என்ற கருவியை எடுத்துக்கொள்ளுங்கள் (பிரெஞ்சில் விரைவு, இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம்). அதில் 'வீட்' என்ற முன்னொட்டோடு தொடங்கும் சூழல் மாறிகள் (நிரலுக்கு வெளியே வைக்கும் அமைப்பு மதிப்புகள்) அப்படியே உலாவிக்குப் போய்விடும். கடவுச்சொல்லை அங்கே வைத்தால் ஊருக்கே தெரியும். விண்டோஸ் கணினியில் ஓடிய செயலி லினக்ஸ் சர்வரில் 'கோப்பு இல்லை' என்றால், கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காவடிப் பதிவு என்பதால் தேதியையும் சொல்லிவிடுகிறேன். நாம் உலகப் பொது நேரத்துக்கு 4 மணி முன்னால் இருக்கிறோம், பக்கத்துத் தீவான ரியூனியனும் அப்படியே. 2025இல் தைப்பூசம் பிப்ரவரி 11. அந்த நாள் தொடங்கும் நள்ளிரவு 12 மணி பொது நேரத்தில் 10ஆம் தேதி இரவு 8 மணி. தேதியைப் பொது நேரத்தில் எழுத்தாக்கும் 'டு ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங்' வழியாக மாற்றி முதல் பத்து எழுத்தை வெட்டிச் சேமித்தால் காவடி ஒரு நாள் முந்திவிடும். நாள் மட்டும் தேவைப்படும் இடத்தில் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் உள்ளூர் நேரத்திலிருந்தே எடுத்து வெறும் எழுத்தாகச் சேமியுங்கள்; மணி வேண்டாம்.

இப்படிக்கு,
வலைச் செயலி நிரலர் ஒருவர்,
ரோஸ் ஹில், மொரீசியஸ்