புழுதி அடங்கியதா, தம்பி?

பள்ளத்தூர்
ஆடி 11

அன்பு மகன் தம்பிக்கு அப்பச்சி எழுதுவது. இங்கு நானும் ஆத்தாவும் நலம்.

நேற்று மாலை நான்கு மணியளவில் மேற்கே செக்கச் சிவந்து எழும்பிய புழுதிக்காற்று, வீட்டு வளவின் திறந்த முற்றம் வழியே இறங்கி, அரை மணி நேரத்தில் இரண்டாங்கட்டு வரை செம்மண்ணை இறைத்துவிட்டுப் போனது. விளக்கேற்றப் போன ஆத்தாவின் பாதம் ஆத்தங்குடிக் கல்லின் பூவேலை மேல் ஒவ்வொன்றாகப் பதிந்து கிடந்ததைப் பார்த்ததும், எனக்கு மூச்சிளைக்கும் உன் நெஞ்சின் நினைவுதான் வந்தது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு நமக்கு வெறுங்காற்றாக வந்து சேர்வது ஆண்டுதோறும் நடப்பதுதான். இன்னும் இரண்டு நாளைக்கு மாலையில் இடி மின்னலோடு மழையும், மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் இருக்கும் என்று செய்தியில் சொன்னார்கள். ஒரு மழை பெய்தால் இங்கே புழுதி அடங்கிவிடும். நீ இருக்கும் குவைத்தில் இந்த மாதத்தில் மழைக்கு எங்கே போவது?

ஷமால் என்னும் வடமேற்குக் காற்று ஈராக் பாலைவனத்து மண்ணை வாரிக்கொண்டு வந்து, சில வேளை நாள்கணக்கில் ஓயாது வீசும் என்று படித்தேன். அது கண்ணில் விழுந்து உறுத்துவதோடு நிற்கும் மண் அன்று. மாவாகி மூச்சோடு உள்ளே இறங்குவது. ஜன்னல் இடுக்கில் ஈரத்துணியைச் செருகி வை. இன்ஹேலரைப் பெட்டியில் வைக்காதே, சட்டைப்பையில் வை.

ஏசி அறையில்தான் வேலை என்றாய்; நான் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் சித்திரையில் நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த ஆத்தா, உன் புருவத்தில் மண் படிந்திருப்பதாகச் சொன்னாள். அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் முடிய, பகல் 11 மணியிலிருந்து 4 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. உனக்கோ உன்னோடு தங்கியிருப்பவர்களுக்கோ உதவும் என்று எழுதுகிறேன்.

தங்கை கல்யாணக் கடனை அடைத்து, முகப்பு ஓட்டையும் மாற்றித் தந்த பிள்ளை என்று ஊரில் தலைநிமிர்ந்து சொல்கிறேன். அந்தப் பிள்ளை பத்தொன்பது நாளாக ஒரு வார்த்தை பேசாமல் இருப்பது முறையா?

உன் ஒன்பதாம் வயதில், இதே ஆடியில், உன்னைப் பரண்மேல் ஏற்றிப் புழுதி தட்டச் சொன்னவன் நான். இரவெல்லாம் உனக்கு மூச்சு இளைத்தபோது, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடப் பாசாங்கு செய்கிறாய் என்று அதட்டினேன். விடியுமுன் ஆத்தா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட, நான் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். விசா வந்த அன்றும், "அந்த ஊர் மண் எனக்கு ஒத்துக்கொள்ளுமா அப்பச்சி?" என்று நீ கேட்டாய். எனக்குக் கேட்டது, தம்பி. கடனை நினைத்துக் கேளாதவன்போல் இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை புறப்படும் நம் ஊர்ப் பையனிடம் இந்தக் கடிதத்தோடு இரண்டு இன்ஹேலர் கொடுத்தனுப்புகிறேன். வேலை எதுவானாலும் ஆகட்டும். புழுதி அடங்கியதா, இரவில் தூங்க முடிகிறதா என்பதை மட்டும் ஆத்தாவிடம் சொல். ஒன்றைச் சட்டைப்பையிலேயே வை.

அப்பச்சி